புராஜெக்ட் பிள்ளைக்கா, அம்மாவுக்கா?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குக் கூடலூர். நான் தினமும் விடிவதற்குள் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறேன். வீடு திரும்ப இருட்டிவிடும். வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மகன் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மாதம் தவறாமல் புராஜெக்ட் என்று எதையாவது கொடுத்துவிடுகிறார்கள். போன வாரம் நீர்ச்சுழற்சி மாடல். தெர்மகோல், சார்ட், பெயின்ட், பஞ்சு எல்லாம் சேர்த்து 380 ரூபாய் ஆனது. ராத்திரி பதினோரு மணி வரை நானும் என் தங்கையும் உட்கார்ந்து செய்தோம். நான் மேகம் வெட்டிக்கொண்டிருந்தபோது பையன், "லோயர் கேம்ப்ல மலை மேல இருந்து குழாயில வருதே, அந்தத் தண்ணியும் இந்த மழைத் தண்ணிதானா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். பேசாமல் தூங்கு என்று அதட்டிவிட்டேன். மறுநாள் மிஸ் 'வெரி குட்' போட்டார்கள். ஆனால் அவனுக்கு இன்னும் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது. குமுளியில் இருக்கும் என் நாத்தனார் மகளும் மூன்றாவதுதான் படிக்கிறாள். அங்கே ஓடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதச் சொல்கிறார்களாம். இதனாலெல்லாம் பிள்ளைக்கு உபயோகம் உண்டா? அந்த நேரத்தில் புத்தகத்தை வாசிக்க வைத்தால் என்ன? வீட்டுக்காரர் பள்ளியை மாற்றிவிடலாம் என்கிறார். நான் எட்டாவது வரைதான் படித்தேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
– ஒரு வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். லோயர் கேம்ப் குழாய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றா என்று உங்கள் மகன் கேட்டானே, அந்த வரி. எட்டு வயதுப் பிள்ளை நீர்ச்சுழற்சியைப் பற்றி இதைவிட நல்ல கேள்வி கேட்டுவிட முடியாது. பள்ளியில் சொன்ன ஒரு விஷயம் அவன் மனதுக்குள் போய், அவன் அடிக்கடி பார்க்கிற ஒன்றோடு சேர்ந்து, கேள்வியாக வெளியே வந்திருக்கிறது. புராஜெக்ட் என்பது அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். அன்றைக்கு உங்களுக்கு மணி பதினொன்று, விடிந்தால் ஜீப். அதட்டியதற்காக மனம் நோகாதீர்கள். பிள்ளைகள் நல்ல கேள்வியை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட மாட்டார்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். புராஜெக்ட், அதாவது செயல்திட்டம் செய்து படிப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு உபயோகம் நிறைய உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் அன்று ராத்திரி நடந்ததில் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வெட்டியது நீங்கள், ஒட்டியது உங்கள் தங்கை, 'வெரி குட்' வாங்கியது தெர்மகோல். கேள்வி கேட்டவன் தூங்கப் போய்விட்டான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. இந்த முறைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. அமெரிக்காவில் கில்பாட்ரிக் என்ற கல்வியாளர் 1918-இல் இதைப் பற்றி எழுதினார். பிள்ளை தனக்கென்று ஒரு நோக்கம் வைத்துக்கொண்டு முழுமனதோடு செய்கிற வேலைதான் புராஜெக்ட் என்பது அவர் கருத்து. நம் நாட்டில் 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும், கையால் செய்கிற தொழிலை நடுவில் வைத்துத்தான் கணக்கையும் மொழியையும் சொல்லிக்கொடுக்கச் சொன்னது. இரண்டு பேரும் பிள்ளையின் கையையும் பிள்ளையின் மனதையும் பற்றித்தான் பேசினார்கள். பெற்றோர் கடைக்கு ஓடுவது இதில் எங்கேயும் கிடையாது.

நல்ல செயல்திட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல, உங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதுவும் மூன்றாம் வகுப்புதான். ஒரு பையன் வீட்டிலிருந்து சில கொத்து பன்னீர் திராட்சை கொண்டுவந்திருந்தான். ஒரு கொத்தில் எத்தனை பழம் இருக்கும் என்று டீச்சர் கேட்டார். ஐம்பது என்றார்கள், ஐந்நூறு என்றார்கள், ஒருத்தி ஆயிரம் என்றாள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, குழுவுக்கு ஒரு கொத்து கொடுத்து எண்ணச் சொன்னார். ஒரு குழு ஒவ்வொரு பழமாகக் கிள்ளிக் கிள்ளி எண்ணியது. அறுபத்துச் சொச்சத்தில் யாரோ பேச்சுக் கொடுக்க, எண்ணிக்கை விட்டுப்போனது. திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். திரும்பவும் விட்டுப்போனது. பக்கத்துக் குழுவில் ஒரு சிறுமி எதுவும் பேசாமல் பழைய செய்தித்தாளை விரித்து, பத்துப் பத்தாகக் குவித்துக்கொண்டே போனாள். ஒன்பது குவியல், மிச்சம் நாலு. "தொண்ணூத்தி நாலு டீச்சர்" என்றாள். எண்ணிக்கையைத் தொலைத்த பிள்ளைகள் எழுந்து வந்து அவள் தாளைச் சுற்றி நின்றார்கள். டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார்: "நடுவுல யாராவது உன்னைக் கூப்பிட்டிருந்தா மறந்திருப்பியே?" "எப்படி மறக்கும், குவிச்சது அங்கேயேதான டீச்சர் இருக்கும்" என்றாள்.

பத்துகள், ஒன்றுகள் என்று பலகையில் கட்டம் போட்டு எத்தனையோ நாள் சொல்லிக்கொடுத்த இடமதிப்பு எதற்காக இருக்கிறது என்பது, அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. டீச்சர் அதோடு விடவில்லை. மறுநாள் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் எடை போட்டுப் பார்த்தார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை கொத்து வரும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு பிள்ளையின் தாத்தாவை வகுப்புக்கு வரச் சொல்லி, கொடியைக் கழித்துவிடும் கவாத்து எப்போது வெட்டுவது, பந்தலுக்குக் கம்பி எதற்கு என்றெல்லாம் கேட்டார்கள். முதல் நாளே கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டீச்சர். 'கவாத்து' என்று எழுதத் தெரியாமல் நாலைந்து பேர் தவித்தபோது பலகையில் எழுதிப் போட்டார். தராசு பார்க்கத் தெரியாதவர்களுக்கு அங்கேயே சொல்லிக்கொடுத்தார். கடைசியில் ஆளுக்கு நாலு வரி எழுதி, இரண்டாம் வகுப்புக்குப் போய் வாசித்துக் காட்டினார்கள். செலவென்று பார்த்தால் பழைய செய்தித்தாள் மட்டும்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த டீச்சர் பாடம் நடத்துவதை நிறுத்தவே இல்லை. 'நீயே கண்டுபிடி' என்று பிள்ளையை அம்போவென்று விட்டுவிடுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் இதைக் கடுமையாகவே விமர்சித்து எழுதினார்கள். புதிதாக ஒன்றைக் கற்கிறவருக்கு ஒரே நேரத்தில் மனதில் தாங்கிக்கொள்ள முடிவது கொஞ்சம்தான். வழிகாட்டாமல் விட்டால் தடுமாறுவதிலேயே சக்தி தீர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் அது சரியென்றே நான் நினைக்கிறேன்.

அதேசமயம் ஆசிரியர் கூடவே இருந்து திட்டமிட்டு நடத்தினால் பலன் தெரிகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. செயல்திட்ட வகுப்புப் பிள்ளைகள் சமூக அறிவியலிலும், தகவல் சார்ந்த பாடங்களை வாசித்துப் புரிந்துகொள்வதிலும் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். எழுதுவதிலும் ஆர்வத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் திட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றிய வகுப்புகளில் அவையும் கூடியிருந்தன. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நாத்தனார் மகள் பள்ளியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குமுளி இருக்கும் கேரளத்தில் 1997-இல் தொடக்கக் கல்விப் பாடத்திட்டத்தையே செயல்பாடுகளை மையமாக வைத்து மாற்றினார்கள். ஓடையைப் பார்த்துவிட்டு வந்து எழுதச் சொல்வது அந்த வழியில் வந்த பழக்கம். நம் பக்கமும் சும்மா இருந்துவிடவில்லை. ஆந்திராவில் மதனபள்ளி அருகே ரிஷி வேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்துவிட்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறிப் போகும். எல்லாரும் சேர்ந்து ஒரு கேள்வியின் பின்னால் போகிற செயல்திட்டம் அதிலிருந்து வேறு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பிள்ளை வாயை மூடிக்கொண்டு கேட்டால் மட்டும் போதாது. 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டமே, செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று 29-ஆவது பிரிவில் சொல்கிறது.

அப்படியானால் தெர்மகோல் எங்கிருந்து வந்தது? என் கணிப்பில் மதிப்பெண்ணோடு சேர்ந்து வந்தது. 2012-13-இல் வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, பருவத் தேர்வுக்கு 60, பருவம் நடக்கும்போதே வகுப்பில் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று பிரித்தார்கள். அந்த 40-இல் பாதி செயல்பாடுகளுக்கு. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் மதிப்பெண் போட்டால் அதற்குக் கையில் காட்ட ஒரு பொருள் வேண்டும் என்றாகிவிட்டது. கேள்வி கேட்ட பிள்ளையை அலமாரியில் வைத்துக் காட்ட முடியாது, மாடலை வைக்கலாம். பெற்றோர் கூட்டத்தன்று வகுப்பு பளபளவென்று இருக்க வேண்டும் என்ற ஆசை தனியார் பள்ளிகளுக்குக் கூடுதலாகவே இருக்கிறது. ஸ்டேஷனரி கடைகளில் 'புராஜெக்ட் ஐட்டம்' என்று தனியாக அடுக்கியே வைத்திருக்கிறார்கள். இதில் அந்த மிஸ்ஸை மட்டும் குறை சொல்லாதீர்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகளையும், முடித்தாக வேண்டிய பாடத்தையும் வைத்துக்கொண்டு அவரும் திண்டாடிக்கொண்டிருப்பார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் அந்தக் கேள்விக்குத் திரும்புங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்து, "அன்னைக்கு லோயர் கேம்ப் தண்ணியப் பத்திக் கேட்டியே, நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். அவன் நினைப்பதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதட்டும், தப்பாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். அப்புறம் அடுத்த முறை குமுளிக்கு நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது மலைப்பாதையில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து அந்த ராட்சதக் குழாய்களைக் காட்டுங்கள். அதில் வருவது பெரியாற்றுத் தண்ணீர், அந்தப் பெரியாறு நம் பக்கம் வருகிற ஆறே இல்லை என்பதை அவனுக்குச் சொல்லலாம். மேற்கே ஓடி அரபிக்கடலில் சேருகிற ஆறு. 1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை அதைத் தடுத்து நிறுத்தியது. தேக்கடியில் படகு ஓடுகிறதே, அது அந்த அணையில் தேங்கிய தண்ணீர்தான். அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து, குழாயில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு உங்கள் ஊர் ஆற்றில் ஓடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, வைகையில் சேர்ந்து, ராமநாதபுரம் வரை போகிறது. தை மாதம் உங்கள் பக்கத்தில் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைப்பதைப் பார்த்திருப்பான். ஏன் வைக்கிறார்கள் என்று அவனே இப்போது சொல்லிவிடுவான்.

அடுத்தது, எட்டாவது வரைதான் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி. இந்த விஷயத்தில் உங்கள் வீட்டில் பெரிய ஆதாரமே நீங்கள்தான். ஆனி, ஆடியில் கூடலூரில் வெயிலும் காற்றுமாக இருக்கும். அதே நாளில் நீங்கள் மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு மழையில் காய் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால், மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. மேல் வகுப்புப் புத்தகத்தில் வரப்போகிற இந்தப் பாடத்தை நீங்கள் தினமும் ஜீப்பில் கடந்து போய் வருகிறீர்கள்.

இதை அவன் கையாலேயே அளக்க வைக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே அளவு. ஒன்றை அவன் மாடியில் திறந்த வெளியில் வைக்கட்டும். இன்னொன்றை நீங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோய், கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மரத்தடியாக இல்லாத இடத்தில் கல் அணைவு கொடுத்து வையுங்கள். கிளம்பும்போது ஒரு ஸ்கேலை உள்ளே நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துவிட்டு வந்து அவனிடம் சொல்லுங்கள். காலையில் நீங்கள் கிளம்புகிற நேரத்துக்கே வீட்டில் யாராவது அவன் டப்பாவையும் மாடியில் வைக்கட்டும். மாலையில் அவனே அளக்கட்டும். கட்டம் போட்ட நோட்டில் மலை மழைக்கு ஒரு பட்டை, ஊர் மழைக்கு ஒரு பட்டை என்று வரையட்டும். இரண்டு வாரம் போதும். சாயங்காலம் நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே 'எத்தனைம்மா?' என்று கேட்டுக்கொண்டு ஓடி வருவான். மழை இல்லாத மாதமென்றால் இரண்டு தட்டில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்து, எது முதலில் காய்கிறது என்று பார்க்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: ஆற்றங்கரைக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

பள்ளியில் அடுத்த புராஜெக்ட் வரும்போது மாடலைத் தொடாதீர்கள். வீட்டில் இருக்கிற அட்டைப்பெட்டியில் அவனே செய்யட்டும். கோணலாகத்தான் வரும். அதற்கு முன்னால் மிஸ்ஸைப் பார்த்து, "இனிமே பையனேதான் செய்வான் மிஸ், மார்க் குறைஞ்சா பரவாயில்ல. அவன் எதைப் பார்த்தான், என்ன தெரிஞ்சுக்கிட்டான்னு ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். மழை அளந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இப்படி ஒரு நோட்டைப் பார்த்தால் மகிழ்ந்துதான் போவார்கள். இன்னும் நாலு அம்மாக்களையும் சேர்த்துக்கொண்டு போனால் தலைமையாசிரியர் வரை பேசலாம். எல்லா வீட்டிலும் இதே பாடுதான் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது வாசிப்பு. இந்த விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. என்ன புராஜெக்ட் செய்தாலும் அது தானாகச் சரியாகாது. எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்குத் தினமும் வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். முதலில் தமிழ். வீட்டில் பேசுகிற மொழியில் வாசிப்பு ஓடிவிட்டால் ஆங்கிலத்துக்கும் அது கை கொடுக்கும். மூன்றாம் வகுப்புப் புத்தகம் கடினமாக இருந்தால் கூச்சப்படாமல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் சமைக்கும்போது அடுப்படியில் உட்கார்ந்து வாசிக்கட்டும், தடுக்கி நிற்கிற சொல்லை நீங்கள் சொல்லிவிடுங்கள், திட்டாதீர்கள். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வந்துவிட வேண்டும் என்றுதான் அரசுப் பள்ளிகளில் 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கினார்கள். அந்த வயதுக்கு அவ்வளவு முக்கியம் இருக்கிறது. மூன்று மாதம் விடாமல் செய்தும் அசையவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துவிடுங்கள். அதில் குறை இல்லையென்றால் கற்றல் குறைபாடு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மருத்துவரிடமே கேளுங்கள்.

வாசிப்பா, புராஜெக்ட்டா என்று நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மழை நோட்டில் அவன் தினமும் ஒரு வரி எழுதி, அதை உங்களிடம் வாசித்துக் காட்டினால் அதுவும் வாசிப்புதான். தான் எழுதியதை வாசிக்கும்போது பிள்ளைகள் தடுக்குவது குறைவு.

பள்ளியை மாற்றுவது பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். புராஜெக்ட்டுக்காக மட்டும் மாற்ற வேண்டாம். வேறு பள்ளியிலும் இதே தெர்மகோல் காத்திருக்கலாம். மிஸ்ஸிடம் பேசிப் பாருங்கள். பேசிய பிறகும் பிள்ளையின் வாசிப்பைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை, மாடல் மட்டுமே கேட்கிறார்கள் என்றால் அப்போது யோசிக்கலாம். அப்படி மாற்றுவதாக இருந்தால், உங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு நாள் காலையில் போய், மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று வாசலில் நின்று பாருங்கள். அவர்கள் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம் ஒரே மாதிரி இருக்கிறதா, பிள்ளைக்குப் பிள்ளை வேறாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.